தெருவில் நிற்கும் காருக்கு மாதம் பதினெட்டாயிரம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் ரூ.36,000. இவர் தனியார் பள்ளி ஆசிரியை, ரூ.16,000. மகள் பதினொன்றாம் வகுப்பு. சொந்த வீடு. மாமியாருக்கு எழுபது வயது, இதயச் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை மதுரை போக வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு நேர் ரயில் இல்லை, மேலூர் வழியாகப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் அவருக்குக் கால் வீங்கிவிடுகிறது. இதற்காகத்தான் இரண்டரை வருடத்துக்கு முன் கார் வாங்கினார்கள். எல்லாம் சேர்த்து ரூ.9.6 லட்சம். சீட்டு எடுத்து 1.6 லட்சம் கட்டி, மீதி 8 லட்சத்துக்கு 9% நிலையான வட்டியில் 7 வருட வங்கிக் கடன். மாதத் தவணை ரூ.12,871. இதுவரை 30 தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆனால் வீட்டுச் செலவு இழுத்துப் பிடிக்கிறது. வெளியில் ரெண்டு வட்டிக்கு ரூ.60,000 வாங்கியாகிவிட்டது. செலவைக் குறைக்க, முதல் வருடம் முடிந்ததும் காரின் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கணவரின் சித்தப்பா மகன், இவருக்குக் கொழுந்தன் முறை, மாதம் இரண்டு தடவை காரை எடுத்துப் போகிறார். கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைப் பிள்ளையார்பட்டி, திருமயம் என்று சுற்றிக்காட்டிவிட்டு, பெட்ரோல் போட்டு, நடைக்கு ரூ.1,500 கொடுக்கிறார்.

இப்போது வீட்டில் மூன்று யோசனைகள். கணவர், "உன் 12 பவுனை வங்கியில் வைத்துக் கார் கடனை முடித்துவிடுவோம், தவணை போய்விடும்" என்கிறார். அண்ணன், "விற்றுவிட்டு 3 லட்சத்துக்குப் பழைய கார் எடு, எனக்குத் தெரிந்த ஃபைனான்ஸில் அதே 9 வட்டிதான்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "தவணையை நிறுத்திவிட்டு வண்டியை வங்கியிலேயே விட்டுவிடுங்கள், கடன் தீர்ந்தது" என்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சகோதரி எழுதியதை அப்படியே தருகிறேன்: "முன்னெல்லாம் விசேஷத்துக்குப் போனால் மொய் 500 எழுதுவோம். காரில் போய் இறங்கிவிட்டு 500 எழுத முடியவில்லை. 1,000 ஆகிவிட்டது. வண்டியை விற்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வேறு."

வணக்கம் சகோதரி. 30 மாதம் தவணை தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்கு உங்கள் வீட்டில் இருப்பதால்தான் இன்னும் நல்ல வழிகள் மிச்சம் இருக்கின்றன. மொய் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஷோரூமில் யாரும் சொல்லாத செலவு அது, ஆனால் உண்மையான செலவு.

உங்கள் கடிதத்தில் காரின் செலவு என்று வரும் இடமெல்லாம் ரூ.12,871 என்றே எழுதியிருக்கிறீர்கள். அது கடனின் செலவு. காரின் செலவு வேறு. நம் பக்கத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பாருங்கள். ஒருவரும் குடியில்லை. ஆனாலும் ஓடு மாற்ற வேண்டும், வளவை, அதாவது உள்முற்றத்தைக் கூட்ட ஆள் வேண்டும், நிலைக்கதவில் கரையான் ஏறாமல் பார்க்க வேண்டும். பங்காளிகள் வருடா வருடம் பங்கு போட்டுப் பணம் அனுப்பியபடி இருக்கிறார்கள். காரும் அப்படித்தான். உங்கள் கார் கவர் மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடப்பதை வைத்து எத்தனை நாளாக எடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்கிறீர்கள். அந்த நாட்களிலும் வண்டி செலவு வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் குடும்பத்துக்காக மாதம் 350 கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரைக்கு ஒரு நடை 180, மற்றது உள்ளூர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் பெட்ரோல் ரூ.2,200. வருடம் இரண்டு சர்வீஸுக்கு 12,000 என்றால் மாதத்துக்கு 1,000. முழுக் காப்பீடு வருடத்துக்குச் சுமார் 15,000, மாதத்துக்கு 1,250. டயரும் பேட்டரியும் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும், அதற்கு மாதம் 500 எடுத்து வைக்க வேண்டும். சுங்கம், பஞ்சர், கழுவுவது என்று இன்னொரு 500. இதெல்லாம் ரூ.5,450. தவணையும் சேர்த்தால் ரூ.18,321. வீட்டு வருமானம் 52,000 ரூபாயில் 35 சதவீதம். கிலோமீட்டருக்கு 52 ரூபாய்.

உங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் மதுரை போய் வர ரூ.3,500 கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கிலோமீட்டருக்கு 20 ரூபாய்கூட இல்லை.

உடனே செய்ய வேண்டியவை இரண்டு

விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள இரண்டுக்கும் அவ்வளவு காலம் தள்ள வேண்டாம்.

முதலாவது காப்பீடு. "மூன்று வருட இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். புதுக் கார் வாங்கும்போது மூன்று வருடத்துக்குக் கட்டாயமாகக் கட்ட வைப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். 2018 செப்டம்பரிலிருந்து இப்படித்தான். உங்கள் வண்டி இடித்து ரோட்டில் போகிறவருக்கு அடிபட்டால் அது அவருக்குக் கொடுக்கும். உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. பலருக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு, சொந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பவரை மூன்றாம் நபராகக் கணக்கில் எடுப்பதில்லை. யாருக்காக இந்தக் காரை வாங்கினீர்களோ அந்த உங்கள் மாமியாருக்கு, மதுரை ரோட்டில் ஏதாவது நடந்தால், இன்றைய நிலையில் இந்தப் பாலிசி கைகொடுக்காது. முழுக் காப்பீடு இருந்தால் உள்ளே இருப்பவர்களும் அதில் அடங்குவார்கள்.

கடனும் இதில் சேர்ந்திருக்கிறது. பாக்கி அசல் இப்போது ஏறக்குறைய 5.7 லட்சம். நாளைக்கே வண்டி நொறுங்கினாலும் திருடு போனாலும் அந்த 5.7 லட்சத்தையும் நீங்கள் கட்டியாக வேண்டும். உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், கடன் தீரும்வரை முழுக் காப்பீடு வைத்திருப்பேன் என்ற நிபந்தனை அநேகமாக அதில் இருக்கும். விட்டுப்போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் காப்பீட்டு நிறுவனம் வண்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் பாலிசி தரும். 90 நாள் இடைவெளியைத் தாண்டிவிட்டதால் இழப்பீடு கேட்காத வருடத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போயிருக்கும், மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். பரவாயில்லை, கட்டிவிடுங்கள். இன்னும் ஆறு மாதத்தில் மூன்றாம் நபர் காப்பீடும் முடிகிறது. அதன் பிறகு காப்பீடே இல்லாமல் ரோட்டில் எடுத்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ என்பது சட்டம். விபத்து நடந்துவிட்டால் வரும் இழப்பீட்டுக்கு முன்னால் அந்த 2,000 ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, கொழுந்தனுக்கு வண்டி கொடுப்பது. "மாதம் 3,000 வருகிறதே" என்று உங்கள் கணவர் சொல்வது புரிகிறது. ஆனால் உங்கள் வண்டி வெள்ளை போர்டு. பெர்மிட் இல்லாமல் சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், பிடித்தால் அபராதம் பத்தாயிரம். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில் இருக்கிறது. காசு வாங்கி ஆள் ஏற்றியது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று கையை உதறப் பார்க்கும். அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்றும் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. ஓட்டியது கொழுந்தன், ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் இருப்பது உங்கள் கணவர் பெயர். பையன் உழைத்துச் சம்பாதிக்க நினைக்கிறார், அதில் தப்பில்லை. மஞ்சள் போர்டு வண்டியில் ஓட்டுநராகச் சேர்ந்து அதே வேலையைச் செய்யட்டும். உறவில் மனக்கசப்பு வராமல், "இன்சூரன்ஸ் இல்லை தம்பி, உனக்கும் ஆபத்து" என்று உங்கள் கணவரே சொன்னால் புரிந்துகொள்வார்.

நகை, பழைய கார், வண்டியை ஒப்படைப்பது

நகையை வைத்தால் தவணை போய்விடும் என்பது பாதி உண்மை. தவணை போகும், கடன் போகாது. கார் கடன் இடம் மாறி நகைக் கடனாகும். நகைக் கடனில் பெரும்பாலும் வருடக் கடைசியில் அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்டித் திருப்ப வேண்டும். மாதாமாதம் கட்டும் கட்டாயம் இல்லாததால் கையில் இருக்கும் 12,871 எங்கேயாவது கரைந்துவிடும். வருட முடிவில் 5.7 லட்சம் எங்கிருந்து வரும்? வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போவார்கள், ஒரு வருடம் அதுவும் முடியாமல் நகை ஏலத்துக்குப் போகும். வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ஏல நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை. வருடா வருடம் விலை இறங்கும் பொருளுக்காக, நின்று காப்பாற்றக்கூடிய பொருளை வைக்க வேண்டாம். அது உங்கள் தாய் வீட்டுச் சீதனம் என்று எழுதியிருக்கிறீர்கள். சீதனம் பெண்ணின் தனிச் சொத்து, கணவருக்கு அதில் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024இலும் மறுபடி சொல்லியிருக்கிறது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அவ்வளவுதான்.

நகை உதவக்கூடிய ஓர் இடம் உண்டு. ரெண்டு வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். 60,000 ரூபாய்க்கு வருடம் ரூ.14,400 வட்டி மட்டும் போகிறது. கார் விற்பது தள்ளிப்போனால், இரண்டு வளையலை மட்டும் வங்கியில் வைத்து இந்தக் கடனை முதலில் அடையுங்கள். பாதிக்கும் குறைவான வட்டியில் முடியும்.

அண்ணன் சொல்லும் "அதே 9 வட்டி" அதே வட்டி இல்லை. வங்கியில் குறைந்துவரும் பாக்கிக்குத்தான் வட்டி போடுவார்கள். பழைய வண்டி ஃபைனான்ஸில் அநேகமாக ஃபிளாட் வட்டி, முதல் நாள் வாங்கிய தொகைக்கே கடைசி வரை வட்டி. 3 லட்சத்துக்கு 9% ஃபிளாட்டில் 4 வருடம் என்றால் வட்டி 1.08 லட்சம், தவணை ரூ.8,500. வங்கிக் கணக்குப்படி பார்த்தால் இது 16% வட்டி. எங்கே கடன் கேட்டாலும் "மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். அண்ணன் நல்லெண்ணத்தில் சொன்னாலும் இந்த யோசனை வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். வண்டியை ஒப்படைத்தால் வங்கி அதை ஏலம் விடும். ஏலத்தில் சந்தை விலை வராது. வந்தது போக மீதியும், ஏலச் செலவும் உங்கள் கணவர் பெயரில் பாக்கி நிற்கும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் ஸ்கோர் விழும். இன்னும் ஒன்றரை இரண்டு வருடத்தில் மகளுக்குக் கல்விக் கடன் கேட்கும் நிலை வந்தால் வங்கி அதைத்தான் முதலில் பார்க்கும்.

என் யோசனை: நீங்களே விற்பது

9.6 லட்சத்துக்கு வாங்கியதை 8 லட்சத்துக்காவது விற்கலாம் என்று எதிர்பார்த்தீர்கள். காரைக்குடித் தரகர் 6.1 சொன்னார், மதுரையில் 6.4 சொன்னார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. நீங்கள் கொடுத்த 9.6 லட்சத்தில் சாலை வரி மட்டும் லட்சத்துக்கு மேல் இருக்கும், காப்பீடு தனி. இவை திரும்பி வராத பணம். போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசே விலை இறங்கியதும் பழசும் இறங்கிவிட்டது.

6.4 லட்சத்துக்கு விற்றால் 5.7 லட்சம் கடனுக்குப் போகும். முன்கூட்டி முடிக்க 3% கட்டணம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்துச் சுமார் 20,000. கையில் 50,000 நிற்கும். இரண்டரை வருடத்தில் 5.46 லட்சம் போட்டு 50,000 எடுக்கிறோமா என்று மனசு கேட்காது. எனக்கும் எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் விற்கும் நாளில் போகப்போவதில்லை, ஏற்கெனவே போய்விட்டது. இனிமேல் கட்டவிருக்கும் 54 தவணைகள்தான் உங்கள் கையில் இருக்கின்றன. மதுரைக்கு டாக்ஸி 3,500, உள்ளூர் ஆட்டோ, பஸ்ஸுக்கு 1,500 என்று வைத்தாலும் மாதம் 13,300 மிச்சம். அந்த 50,000 வந்ததும் ரெண்டு வட்டிக் கடனில் போடுங்கள். மீதியை அடுத்த மாத மிச்சத்திலேயே முடித்துவிடலாம்.

விற்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். "பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஆர்சியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. வங்கியில் கடனை முடித்துத் தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்கான 35ஆம் ஃபாரமும் வாங்குங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவியுங்கள். வாங்கியவரின் ஆதார் நகல், வண்டியைக் கொடுத்த தேதி, நேரம் போட்ட ரசீது எல்லாம் உங்கள் பீரோவில் இருக்கட்டும். பெயர் மாறியதை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் நீங்களே பார்க்கும்வரை கடைசி 20,000 ரூபாயை வாங்குபவர் கையிலேயே விட்டுவைக்கக்கூட நீங்கள் சம்மதிக்கலாம். அந்தப் பணத்தைக் கொடுக்க வருகிற அன்று மாற்றிய ஆர்சியையும் காட்டட்டும்.

விற்கவே மாட்டோம் என்று முடிவானால், முழுக் காப்பீடு, வாடகைக்கு விடாமை, டயருக்கும் சர்வீஸுக்கும் மாதம் 1,500 தனிக் கணக்கில் போடுவது, இந்த மூன்றையும் கடைப்பிடியுங்கள். சம்பளம் உயராமல் இதையும் மகள் படிப்பையும் சேர்த்துச் சமாளிப்பது கடினம் என்பதே என் கருத்து.

வீட்டில் எப்படிப் பேசுவது

உங்கள் கணவர் ஆலையில் லாரிக் கணக்கு எழுதுகிறவர். எந்த லாரிக்கு எப்போது டயர் மாற்றினார்கள், எஃப்சிக்கு என்ன ஆனது, நடைக்கு என்ன மிஞ்சியது என்று பேரேட்டில் லாரிக்கு ஒரு பக்கம் போட்டு எழுதுவார். ஒரு லாரி கிலோமீட்டருக்கு 52 ரூபாய் தின்றால் முதலாளியிடம் முதலில் போய்ச் சொல்வதும் அவராகத்தான் இருக்கும். வீட்டுக் காருக்கு மட்டும் அப்படி ஒரு பக்கம் இல்லை. குறை சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டைக் கொடுத்து, "நம் வண்டிக்கும் ஆலை லாரி மாதிரி ஒரு ஐந்தொகை போடுங்களேன்" என்று வரவு செலவுக் கணக்கு எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்லி ஏற்காததை அவர் கையால் எழுதிய கணக்கு ஏற்கவைக்கும்.

ஊர் பேசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பேசத்தான் செய்வார்கள், நாலு விசேஷம் வரை பேசுவார்கள். ஆடிக் கழிவுக்குள் வேறு விஷயம் வந்துவிடும்.

கடைசியாக, "எனக்காக வாங்கிய வண்டியை விற்றுவிட்டார்களே என்று அத்தை மனம் நொந்துவிடுவார்" என்று பயப்படுகிறீர்கள். விற்பதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். இந்த மாத மதுரை நடைக்குக் காரை எடுக்காமல், தெரிந்த டாக்ஸி ஒன்றைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவர் முன் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் பின்னால் அம்மா பக்கத்தில் உட்காரட்டும். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் வண்டி நிறுத்த இடம் தேடி அவர் ஓட வேண்டியிருக்காது, அம்மாவைக் கைப்பிடித்து நேராக உள்ளே கூட்டிப் போகலாம். திரும்பி வந்த பிறகு அத்தையிடமே கேளுங்கள், எது சௌகரியமாக இருந்தது என்று. அவர் சொல்லும் பதிலையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.